ஓர் ஊசி முன்னே போனவர்கள்: வேலூரில் மார்பகப் புற்றுச் சிகிச்சையும் பெண்களின் பரஸ்பரத் துணையும்

மார்பகப் புற்றுநோய் என்றதும் உறவினர்கள் முதலில் கேட்பது ஆபரேஷன் எப்போது என்பதைத்தான். அதற்காக விடுப்பு எடுக்கிறார்கள், பணம் புரட்டுகிறார்கள், ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து பார்க்கிறார்கள். ஆனால் அறுவை சிகிச்சைக்காக ஒரு பெண் மருத்துவமனையில் படுத்திருப்பது சில நாட்கள் மட்டுமே. அதற்கு முன்போ பின்போ, மூன்று வாரத்துக்கு ஒரு முறை அல்லது வாரம் ஒரு முறை என ஐந்தாறு மாதம் நீளும் கீமோ. அது முடிந்தபின் மூன்று முதல் ஐந்து வாரம், வாரத்தில் ஐந்து நாள், எல்லோரும் ‘கரண்ட்’ என்று சொல்லும் கதிர்வீச்சு. கட்டியில் ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த வகையாக இருந்தால் ஏறக்குறைய ஓராண்டுக்குத் தனி ஊசி. ஹார்மோன் சார்ந்த வகையாக இருந்தால் ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு, தினம் ஒரு மாத்திரை. உறவினர்களின் கவனம் முதல் மாதத்திலேயே தீர்ந்துவிடுகிறது. சிகிச்சையோ அப்போதுதான் சூடு பிடிக்கிறது. மீதி மாதங்களில் நோயாளிக்கு யார் துணை என்ற கேள்விக்கு, பழைய வடஆற்காடு மாவட்டத்தில், குறிப்பாக வேலூரில், கிடைக்கும் விடை சற்று விநோதமானது.

வேலூர் ஒரு மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்த ஊர் என்று சொன்னால் கோட்டையையும் ஜலகண்டேசுவரரையும் மதிப்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் இன்றைய கடைத்தெருவின் கணக்கு அதுதான். 1900இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய சிகிச்சையிடம், 1902இல் பெண்களுக்கான மருத்துவமனையாகவும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் விரிந்து, இன்று சி.எம்.சி. (கிறித்துவ மருத்துவக் கல்லூரி) என்ற மூன்றெழுத்தாக வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா வரையிலும், எல்லை தாண்டி வங்கதேசத்திலும் அறியப்படுகிறது. ஹவுரா, குவஹாத்தி பக்கமிருந்து பெங்களூரு செல்லும் ரயில்கள் காட்பாடியில் நிற்கும்போது, கையில் எக்ஸ்ரே உறையோடு இறங்குகிறவர்களைப் பார்த்தாலே அது புரியும். இவர்கள் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு சுற்றுவட்டாரத்து லாட்ஜுகளில் அறை எடுத்து, சிகிச்சை முடியும்வரை மாதக்கணக்கில் தங்குகிறார்கள். சமைத்துக்கொள்ள வசதியுள்ள அறைகள். வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த மெஸ்கள். பச்சைமீனுக்கும் கடுகெண்ணெய்க்கும் குறைவில்லாத கடைகள்.

இந்த லாட்ஜுகளின் நடைபாதைகளில் யாரும் திட்டமிடாத ஒன்று நடக்கிறது. மூன்றாவது கீமோ முடிந்த பெண் அறை வாசலில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறாள்; எதிர் அறைக்கு நேற்று வந்த பெண்ணுக்கு நாளை மறுநாள் முதல் ஊசி. யார் முதலில் பேசினார்கள் என்பது முக்கியமில்லை. வாந்தி எத்தனை நாள் இருந்தது, எந்த நாளில் கஞ்சி இறங்கியது, இரவில் தூக்கம் வந்ததா, ரத்தப் பரிசோதனைக்குக் காலை எத்தனை மணிக்கு வரிசையில் நின்றால் வேலை சீக்கிரம் முடியும் என்பதெல்லாம் கால்மணி நேரத்தில் கைமாறிவிடும். ஊரைவிட்டு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கூட வந்த கணவரோ தம்பியோ தவிர யாருமில்லாமல் இருக்கும் இந்தப் பெண்களுக்கு, அதே மருந்தை ஏற்றிக்கொள்கிற இன்னொருத்தி பக்கத்து அறையிலேயே கிடைக்கிறாள்.

குடியாத்தத்திலிருந்தோ, ஒடுகத்தூரிலிருந்தோ, சோளிங்கரிலிருந்தோ வருகிற உள்ளூர்ப் பெண்ணின் நிலை நேர்மாறானது. அவளுக்கு மாமியார், நாத்தனார், ஓரகத்தி, தெருவே இருக்கிறது. அதே நோயுள்ள ஒருத்தியைத்தான் அவள் அறியமாட்டாள். விடியற்காலைப் பேருந்தில் வந்து, ஊசி போட்டுக்கொண்டு, சாயங்காலப் பேருந்தில் ஊர் திரும்பிவிடுகிறாள். சி.எம்.சி.யானாலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும், காத்திருக்கும் கூடத்தில் பக்கத்து இருக்கைக்காரியிடம் பேசக் கிடைக்கும் நேரமே அவளுக்கு வாய்ப்பு. ஊரில் அதே நோய் கண்ட இன்னொரு பெண் நாலு தெரு தள்ளி இருந்தாலும் தெரியாது. ஏனென்றால் அவளும் மறைத்துக்கொண்டிருக்கிறாள். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் ‘அந்த நோய்’ என்ற பேச்சு வெளியே போகக் கூடாது. போனால் ‘இது வம்சத்தில் வரும்’ என்று சம்பந்தி வீட்டார் பின்வாங்குவார்கள் என்ற அச்சம். மார்பகப் புற்றில் பெரும்பகுதி பரம்பரையாக வருவதில்லை, சுமார் பத்தில் ஒன்று அளவுக்கே மரபணுக் காரணம் தெளிவாக உண்டு என்பதை மருத்துவர் சொல்லலாம். கல்யாணத் தரகரிடம் அந்தக் கணக்கு செல்லாது.

ஆக, குடும்பம் இருக்கிற இடத்தில் கூட்டாளி இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நாம் வழக்கமாகச் செய்யும் பிழை என்பது என் கருத்து. குடும்பம் தருவது சோறும் காசும் காவலும். சகநோயாளி தருவது வேறு சரக்கு.

அது என்ன என்பதைப் பேசுமுன், அது என்ன இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1952இல் அமெரிக்காவில் மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்ட டெரீஸ் லாசர் என்ற பெண், மருத்துவர்கள் சொல்லாமல் விட்டவற்றை அடுத்தடுத்து வரும் பெண்களுக்கு நேரில் போய்ச் சொல்ல ஆரம்பித்தார். கையைப் பழக்க ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, உள்ளாடையில் வைத்துக்கொள்ள ஒரு தற்காலிக மார்பகம் ஆகியவற்றை அவர் எடுத்துப்போவார். அந்த முயற்சியை 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன்னோடு இணைத்துக்கொண்டது. இருபது ஆண்டு கழித்து, 1989இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். நோய் உடலில் பரவிவிட்ட 86 பெண்களில், வாரம்தோறும் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதமும், கூடாதவர்கள் 18.9 மாதமும் வாழ்ந்தார்கள் என்பது அதன் முடிவு. உலகமே பரபரத்தது. மனத் தைரியமே மருந்து என்ற பேச்சுக்கு அறிவியல் முத்திரை விழுந்ததாகப் பலரும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த முடிவு நிலைக்கவில்லை. 2001இல் கனடாவில் 235 பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், குழுவில் இருந்தவர்களும் இல்லாதவர்களும் ஏறக்குறைய ஒரே கால அளவே வாழ்ந்தார்கள். ஸ்பீகலே மீண்டும் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்விலும், மொத்தத்தில் ஆயுள் நீளவில்லை. ஆனால் கனடா ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: குழுவில் இருந்த பெண்களின் மன உளைச்சல் குறைந்தது, வலியை அவர்கள் தாங்கிக்கொண்ட விதம் மேம்பட்டது, அதிலும் தொடக்கத்தில் அதிக வேதனையில் இருந்தவர்களுக்கே அதிகப் பலன். கூடிப் பேசினால் புற்று கரையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்பதும், கூடிப் பேசுவது வீண் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம் என்பதும் இந்த ஆய்வுகளிலிருந்து நேர்மையாக எடுக்கக்கூடிய பாடம். ‘தைரியமா இரு, எல்லாம் சரியாயிடும்’ என்ற வாசகத்தால் நோய் குணமாவதில்லை. அதோடு, நோய் முற்றினால் நாம் தைரியமாக இல்லாததுதான் காரணம் என்ற குற்ற உணர்ச்சியையும் அது நோயாளியின் தலையில் ஏற்றிவிடுகிறது.

சகநோயாளி தரும் சரக்கில் முதன்மையானது நாள் கணக்கு. மார்பகப் புற்றுக்குப் பரவலாகத் தரப்படும் கீமோக்களில் ஒன்றான டாக்ஸோரூபிசின் சிவப்பு நிறமுடையது. ஊசிக்குழாயில் அது ஏறுவதைப் பார்த்தே பாதிப் பேர் பயந்துவிடுகிறார்கள். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தமில்லை, மருந்தின் நிறம், ஓரிரு நாளில் நின்றுவிடும் என்பதை மருத்துவமனையில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் கேட்ட நேரத்தில் காதில் ஏறியிருக்காது. முதல் ஊசி போட்ட இரண்டு மூன்று வாரத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாக வரும். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்திருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அது இரவு இரண்டு மணியானாலும், வீட்டில் குரோசின் போட்டுக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் மாத்திரை சூட்டை மறைத்துவிடும், உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். ஒடுகத்தூரிலிருந்து நள்ளிரவில் வேலூருக்கு வண்டி பிடிக்க வேண்டிய வீட்டில், ‘விடிஞ்சு பார்த்துக்கலாம்’ என்பதுதான் இயல்பான முடிவு. அந்த முடிவை மாற்றுவதில், அச்சடித்த தாளைவிட, போன மாதம் அப்படிக் காத்திருந்து அவசரப் பிரிவில் படுத்தெழுந்த ஒருத்தியின் தொலைபேசிக் குரலுக்குப் பலம் அதிகம். “இன்னாக்கா, காய்ச்சல் அடிக்குதுன்னு சொல்றீங்க, இன்னும் வூட்ல உட்கார்ந்துனு கீறீங்களா? கெளம்புங்க மொதல்ல” என்ற அதட்டலில் ஒரு கட்டளையும் ஓர் அனுபவமும் சேர்ந்தே இருக்கின்றன.

முடி உதிர்வதைப் பற்றி இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு சௌகரியம் உண்டு. காட்பாடியிலிருந்து திருப்பதி ரயிலில் சில மணி நேரப் பயணம். மொட்டையடித்த பெண் தெருவில் நடந்தால் இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘வேண்டுதல்’ என்ற ஒரு சொல் போதும். முடி தானாகக் கொட்டத் தொடங்குமுன் போய்ப் பெருமாளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். தலையணையில் கொத்தாகக் கிடப்பதைக் காலையில் எழுந்து பார்க்கும் வேதனை அதனால் தவிர்கிறது, கொடுத்தோம் என்ற நிறைவும் கிடைக்கிறது. திருமலைக்கு ஏறினால் கூட்டம், வெள்ளணு குறைந்த நாட்களில் கூட்டம் ஆகாது, அதனால் இரண்டாம் ஊசிக்கு இத்தனை நாள் முன்பே போய்விடுங்கள், அதற்கும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று நாள் குறித்துத் தருகிறவர்களும் உண்டு. இந்த மறைப்பு முழுதாக நிற்பதில்லை. சில வாரங்களில் புருவமும் இமைமுடியும் போகும்போது, வேண்டுதல் கதை தெருவில் எடுபடாது. அதற்குள் மை தீட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க யாராவது கிடைத்திருப்பார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் நடக்கும் ஒன்றை மருத்துவ நூல்கள் எழுதுவதில்லை. ஆபரேஷன் முடிந்து தழும்பு ஆறிய பெண் ஒருத்தி, நாளை மேஜையில் ஏறப்போகிறவளைக் குளியலறைப் பக்கம் கூட்டிப்போய், கதவைத் தாழிட்டு, ரவிக்கையின் கொக்கிகளைக் கழற்றிக் காட்டுகிறாள். அக்குளிலிருந்து நெஞ்சு நடுவரை ஒரு கோடு; சுற்றிலும் தட்டையான, சற்று இழுத்துப் பிடித்த தோல்; வேண்டுமானால் தொட்டும் பார்க்கலாம். பார்த்தவளின் மனத்தில் பல நாட்களாக இருந்த பயங்கரக் காட்சி அந்த நிமிடத்தில் அளவுக்கு வந்துவிடுகிறது. ‘சதை எடுத்து டெஸ்ட் செய்தால் பரவிவிடும், கத்தி பட்டால் பெருகிவிடும்’ என்ற நம்பிக்கையும் அங்கேதான் உடைகிறது, ஏனென்றால் கத்தி பட்டு நாலு வருடமான உடம்பு எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கிறது. எல்லோருக்கும் முழு மார்பகத்தையும் எடுப்பதில்லை. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு தருவது, தகுந்த நோயாளிகளில், உயிர் காப்பதில் முழு நீக்கத்துக்குக் குறைந்ததில்லை என்று 1980களிலேயே பெரிய ஆய்வுகளில் நிரூபணமாகிவிட்டது. நம் பக்கத்தில் பலர் கட்டி பெரிதான பிறகே வருவதால் முழு நீக்கம் இன்னும் அதிகம்.

ஆபரேஷனுக்குத் தாலியைக் கழற்றுவது இன்னொரு விஷயம். அறுவைக் கூடத்தில் உலோகம் ஆகாது என்பது செவிலியருக்கு ஒரு வரி விதி. அந்தப் பெண்ணுக்கோ பல வருடமாகக் கழுத்தைவிட்டு இறங்காத ஒன்று, அதுவும் உயிருக்குப் பயப்படும் நாளில் இறங்குகிறது. கணவர் கையிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் மஞ்சள் கயிற்றை மட்டும் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள் என்ற யோசனை, முன்பு அதே சங்கடத்தில் நின்றவளிடமிருந்துதான் வரும்.

கதிர்வீச்சில் வலி குறைவு, வெயில் அதிகம். தோலில் மையால் குறியிடுவார்கள். அது அழியக் கூடாது. தேய்த்துக் குளிக்கக் கூடாது. அந்த இடத்தில் மஞ்சள், பவுடர், தைலம் எதுவும் கூடாது. கத்திரி வெயிலில் வேலூர் கொதிக்கும் நாட்களில், ஒரு பக்கத்து மார்பையும் அக்குளையும் தேய்க்காமல் பல வாரம் இருப்பது எப்படி என்பது நகைப்புக்குரிய கேள்வியாகத் தோன்றலாம், பட்டவர்களுக்குத் தெரியும். கணவரின் பழைய மல் பனியன் அல்லது நைந்த பருத்தி வேட்டித் துண்டு, உள்ளாடையே இல்லாமல் தளர்ந்த நைட்டி, வெளியே போக மேலே ஒரு துப்பட்டா: இதுதான் கூடத்தில் பரவியிருக்கும் தீர்வு. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து முஸ்லிம் பெண்களின் புர்கா இந்த ஒரு விஷயத்தில் எல்லோருடைய பொறாமைக்கும் உரியதாகிவிடுகிறது. வெளியே வெந்தாலும் உள்ளே என்ன உடுத்தியிருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது.

கை விஷயம் தனியாகக் கவனிக்கத்தக்கது. அக்குளில் நெறிக்கட்டுகளை எடுத்த பெண்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, மாதங்களோ வருடங்களோ கழித்து, அந்தப் பக்கத்துக் கை வீங்குகிறது. சுவரில் விரல்களால் ஏணிபோல் ஏறிக் கையை உயர்த்தும் பயிற்சியை எல்லோருக்கும் கற்றுத்தருகிறார்கள். வீட்டுக்குப் போனதும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், வலிப்பதால் மட்டுமில்லை, கூடத்துச் சுவரில் நின்று அதைச் செய்தால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள் என்பதாலும். அதோடு, பாக்லிடாக்சல் என்ற கீமோ விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். பட்டணத்தில் இதைச் ‘சட்டைப் பொத்தான் போட முடியவில்லை’ என்று விளக்குவார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்தில் இது பீடி சுற்ற முடியாமல் போவது. இலையை நறுக்கி, தூள் வைத்து, உருட்டி, முனை மடிக்கும் வேலை முழுவதும் விரல் நுனியில்தான் இருக்கிறது. அது மரத்தால் வாரக்கூலி நின்றது. ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைக்கும் பெண்ணுக்கும் அதே கதி. பூ கட்டுகிறவர்களைச் சொல்லவே வேண்டாம். மரத்துப்போவதை அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொன்னால் மருந்தின் அளவை அவர் மாற்றிப் பார்க்க முடியும். சொல்லாவிட்டால் சில சமயம் அது நிரந்தரமாக நின்றுவிடும். ஆனால் ‘உயிர் பெரிசா, பீடி பெரிசா’ என்று வீட்டில் கேட்பார்கள் என்பதால் பெண்கள் சொல்வதில்லை. அதே வேலை செய்கிற இன்னொருத்தி, எந்த விரல் எந்த வாரம் திரும்பியது என்று சொல்லும்போதுதான் அதை ஒரு நோய்க்குறியாக, வாயைத் திறந்து சொல்லத்தக்கதாக, அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

இத்தனையும் சிகிச்சை நடக்கும் மாதங்களுக்கானது. துணை மிகவும் தேவைப்படும் இடம் அதற்கு அப்பால், யாரும் கவனிக்காத ஐந்து வருடத்தில் இருக்கிறது. ஹார்மோன் சார்ந்த புற்றுக்குத் தரப்படும் டமாக்சிஃபென் விலை குறைந்த, பழைய மாத்திரை. அதை ஐந்து ஆண்டு முழுதாகச் சாப்பிட்டவர்களிடம், 15 ஆண்டுக் கணக்கில், மார்பகப் புற்றால் வரும் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பல லட்ச ரூபாய்ச் சிகிச்சைகள் பலவற்றுக்கு இணையான பலன் இது. ஆனாலும் பாதியில் நிறுத்துகிறவர்கள் உலகெங்கும் அதிகம். மாத்திரை தொல்லை தருகிறது: திடீர்ச் சூடு, இரவு வியர்வை, மூட்டு வலி, மனச்சோர்வு. வலியோ கட்டியோ இல்லாத பெண், தன்னை நோயாளியாக்குவதே இந்த மாத்திரைதான் என்று முடிவுகட்டிவிடுகிறாள். ‘கரண்ட் முடிஞ்சிடுச்சு, நல்லாத்தானே இருக்கே’ என்று வீடும் ஒத்தூதுகிறது. லாட்ஜ் நடைபாதைத் தோழமை இதற்கு உதவாது. அந்தப் பெண்கள் வங்காளத்து மால்டாவுக்கும் அசாமின் சில்சாருக்கும் போய்விட்டார்கள். கூடத்தில் பழகியவர்களும் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறார்கள். மாத்திரை தீர்ந்தால் வாங்கித்தரவும், மாதவிடாய் நின்ற பின் ரத்தப்போக்கு வந்தாலோ கால் வீங்கி வலித்தாலோ உடனே மருத்துவரிடம் போகச் சொல்லவும், மற்றத் தொல்லைகளை ‘எனக்கும் அப்படித்தான், இரண்டாம் வருஷம் குறையும்’ என்று ஆற்றவும் ஊரிலேயே ஒருத்தி வேண்டும்.

பரஸ்பரத் துணையில் கெடுதலும் உண்டு. முள் சீத்தாப்பழக் கஷாயத்திலிருந்து ஆந்திர எல்லையில் நாட்டு வைத்தியர் தரும் பொடி வரை, கூடத்தில் கைமாறும் எல்லாமே நல்லதில்லை. கீமோ நடக்கும்போது தெரியாத மூலிகையைச் சாப்பிட்டால் கல்லீரல் பாதிக்கப்பட்டு அடுத்த ஊசியே தள்ளிப்போகலாம். அதைவிடப் பெரிய தீங்கு ஒப்பீடு. ‘உங்களுக்கு நாலு ஊசிதான், எனக்கு மட்டும் ஏன் பதினாறு?’ என்ற கேள்வியில், டாக்டர் ஏமாற்றுகிறாரோ என்ற சந்தேகம் ஒளிந்திருக்கிறது. மார்பகப் புற்று ஒரே நோயில்லை. ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2, நெறிக்கட்டு நிலை, வயது என ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை மாறும். இதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவைக்க, குழுவோடு தொடர்பிலுள்ள ஒரு செவிலியர் கட்டாயம் வேண்டும். அனுபவத்தைப் பகிரலாம், மருந்தைப் பகிரக் கூடாது என்ற கோட்டைப் பிடித்துக்கொள்ளாத குழு, குழு இல்லாமையைவிட மோசமாகிவிடும்.

பிறகு, குழுவில் ஒருத்திக்கு நோய் திரும்புகிறது, ஒருத்தி இறந்துபோகிறாள். மற்றவர்கள் அவள் பெயரைச் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள். அவள் வீட்டுக்குப் போகவும் தயங்குகிறார்கள். நோய் பரவியவர்களை வெற்றிக் கதைகளுக்கு இடைஞ்சலாகக் கருதி ஒதுக்கும் வழக்கம், மார்பகப் புற்று விழிப்புணர்வுக்கான இளஞ்சிவப்பு ரிப்பன் விழாக்களில் உலகெங்கும் இருக்கிறது. ஸ்பீகலின் குழுவிலும் கனடாக் குழுவிலும் இருந்தவர்கள் எல்லோருமே நோய் பரவியவர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். துணையால் பலன் பெற்றவர்கள் அவர்கள்தான்.

கணவர்களைப் பற்றிச் சுருக்கமாக. கூடத்துக்கு வெளியே டீக்கடையில் நிற்கும் ஆண்களும் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காப்பீட்டு அட்டை, எந்தக் கவுன்ட்டர், எவ்வளவு பாக்கி என்பது பற்றி. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை வழியுண்டு என்பதையும், அதற்கு எந்தக் காகிதம் முதலில் வேண்டும் என்பதையும் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது சிறிய உதவியில்லை. மனைவியின் தழும்பைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று வற்புறுத்தவும் எனக்குத் தோன்றவில்லை.

இனி, இங்கே இதை எப்படி நிலைநிறுத்துவது என்பது. தேவை கூடப்போகிறது. 2022இல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டதாகச் சர்வதேச மதிப்பீடு. 2023 இறுதியில் தமிழக அரசு வீடுதோறும் அழைத்துப் பரிசோதிக்கும் புற்றுநோய்த் திட்டத்தை நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, அவற்றில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் இருந்தன. இரண்டுமே 2019இல் வேலூரிலிருந்து பிரிந்தவை. தேடிப்போய்ப் பரிசோதித்தால் நோய் முன்பே பிடிபடும். பிடிபட்ட ஒவ்வொரு பெண்ணும் மேற்சொன்ன சிகிச்சை மாதங்களையும், அவர்களில் பலர் மாத்திரையின் ஐந்தாண்டையும் கடந்தாக வேண்டும்.

இதற்குப் புதிய சங்கம் தொடங்கி, பதாகை அடித்து, மார்பகப் புற்று விழிப்புணர்வு மாதமான அக்டோபரில் பேரணி போவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. மறைக்க விரும்பும் பெண் பேரணிக்கு வரமாட்டாள். ஏற்கெனவே இருக்கிற ஏற்பாடுகளில் இதைச் செருகிவிடுவதே நடக்கக்கூடியது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அவற்றில் நோயைச் சொன்னால் கடன் தவணைக்கு நம்பமாட்டார்களோ என்ற அச்சம் இருப்பதால், அந்தக் கூட்டத்தில் நோயைப் பேச முடியாது. குழுவின் பிரதிநிதிக்கு மட்டும் தெரிந்திருந்து, பக்கத்து ஊரில் இதே சிகிச்சையை முடித்த ஒருத்தியோடு இணைத்துவிட்டால் போதும். கிராம சுகாதாரச் செவிலியருக்கும், 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலருக்கும் எந்த வீட்டில் யாருக்கு என்ன என்பது தெரியும். இருவர் சம்மதத்தையும் கேட்டு, ஒருவர் எண்ணை மற்றவருக்குக் கொடுப்பதற்கு அரசாணை தேவையில்லை. அந்தத் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் அடங்கும் என்பதால், வீங்கிய கைக்கும் அதன் வழியே உதவி கேட்கலாம்.

இணைக்கும்போது யாரை யாரோடு என்பதில் கவனம் தேவை. பத்து வருடம் முன்பு குணமாகி மேடையில் பேசுகிறவரைவிட, ஓர் ஊசி, இரண்டு ஊசி முன்னே போனவரே புதிதாக வருகிறவருக்கு உதவுகிறார்; அவருக்கு வாய்ப்புண் இன்னும் மறக்கவில்லை. மாத்திரைக் காலத்தில் இருப்பவருக்கு மாத்திரையை முடித்தவர் வேண்டும். பீடி சுற்றுகிறவருக்குப் பீடி சுற்றுகிறவர், உருது பேசுகிறவருக்கு உருது பேசுகிறவர். வயதும் பார்க்க வேண்டும்; முப்பத்தைந்து வயதில் கைக்குழந்தையோடு வருகிறவளின் கேள்விகளை அறுபது வயது அம்மாவிடம் கேட்க முடியாது.

கூடுவதற்கென்று தனி நாள் குறித்தால், ‘மறுபடியும் எதுக்கு வேலூர்?’ என்ற கேள்வி வீட்டில் எழும். மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து எல்லாக் கிராமத்துக்கும் போவதில்லை. கூலி ஒரு நாள் போகும். மறுபரிசோதனைக்கு வரும் நாளிலேயே, மருந்துக்கடை வரிசைக்கும் ஊர்ப் பேருந்துக்கும் இடையே கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், ஒரு அறையும் நாலு நாற்காலியும் ஒரு ஃபிளாஸ்க் டீயும் இருந்தால், தனிச் செலவும் இல்லை, வீட்டில் தனியாகச் சொல்ல வேண்டிய காரணமும் இல்லை.